மணையில் உட்கார்ந்த இரண்டாவது பெண்

கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து தோலை இழுத்தது. வலது கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள் ஏறிவிட்டன. இடது கையை ஒரு பெரியம்மா தன் மடியில் வைத்து, விரல்களைக் குவித்து, எலும்பு நெரிய அடுத்த வளையலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

வளைகாப்பு எனக்கில்லை. என் பக்கத்தில் பெரிய வயிற்றோடு உட்கார்ந்திருந்த ரேவதிக்கு. அதற்குமுன் அந்த வீட்டுப்படி நான் ஏறியதில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசியதுமில்லை.

என் மடியில் கைப்பை. அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு பென்சிலின் குப்பிகள். ரேவதியின் ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினைத் தொற்று இருந்தது. அது அவளுக்கே தெரியாது. விழா முடிந்ததும் அவள் திருத்தணிப் பக்கம் அம்மா வீட்டுக்குக் கார் ஏறிவிடுவாள். அதற்குள் அவளிடம் விஷயத்தைச் சொல்லி, முதல் ஊசியையாவது போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் குழந்தை செத்துப் பிறக்கலாம். பிழைத்தாலும் நோயோடு பிறக்கலாம்.

சொல்வது வேறொரு காதில் விழுந்தாலோ, அவள் கதை அந்தக் கூடத்திலேயே முடிந்தது. கூடம் நிறையப் பெண்கள். வாசலில் ஸ்பீக்கர் செட்டில் நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று இதற்குள் தெரிந்திருக்கும். பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், வாய்மொழித் தேர்வுக்குப் பயம். ஆனால் அந்த மணையில் வந்த பயம் வேறு ரகம்.

பெரிய டாக்டருக்குப் படிப்பது

அப்போது திருப்பதியில் மேற்படிப்பில் இருந்தேன். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு சமுதாய மருத்துவம். அதிலும் நான் எடுத்துக்கொண்டது பாலியல் நலமும் மகப்பேற்று நலமும். ஒரு நோயாளியைக் கட்டிலில் வைத்துப் பார்ப்பதல்ல, ஒரு வட்டாரத்துப் பெண்கள் எல்லோரையும் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஊரில் எப்படிச் சொல்வது? நகரியில் என் அம்மா, "எம்பொண்ணு பெரிய டாக்டருக்குப் படிச்சிக்கினு கீது" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். புத்தூரில் இருக்கும் என் மாமியார் அவ்வளவு சுலபமாக விடுகிறவர் இல்லை.

"லேடி டாக்டரா?"

"இல்லத்தை."

"பிரசவம் பாப்பியா?"

"பாக்கறவங்க சரியா பாக்கறாங்களான்னு பாப்பேன்."

"அதுக்கா இத்தினி வருஷம் படிக்கிறே?"

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. கணவருக்குப் பெங்களூரில் வேலை. மாமியாரின் எந்தக் கேள்வியும் கடைசியில் என் வயிற்றில்தான் வந்து நிற்கும். அதற்காகவே பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

படிப்பின் முதல் வாரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. வகுப்பில் எழுந்து நின்று உடம்பின் அந்தரங்க உறுப்புகளின் பெயர்களை, உடலுறவின் பெயரை, நோயின் பெயரை அவரவர் தாய்மொழியில் உரக்கச் சொல்ல வேண்டும். தெலுங்குப் பிள்ளைகள் திக்கித் திணறி ஏதோ சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் குழாயடியில் காதில் விழுந்த வசவுகள்தான். வாயைத் திறந்தால் சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது பாடம் ஒரே வரி. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்காதே. கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து மருந்து கொடு, வாயை மூடிக்கொள். எங்கள் பேராசிரியை இதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே எனக்குக் கை வேர்க்கும்.

தறிச் சத்தத்தில் பேசுவது

நாங்கள் பவர்லூம் குடும்பம். எங்கள் வீட்டில் கூடம், படுக்கையறை என்று பிரிவெல்லாம் கிடையாது. தறி இருக்கிற இடம், தறி இல்லாத இடம், அவ்வளவுதான். காலையில் ஓட ஆரம்பித்தால் கரண்ட் போகும்வரை சத்தம்.

விருந்தாளி வந்தால் தொண்டை கிழியக் கத்துவார்கள். நாங்கள் கத்த மாட்டோம். தறிச் சத்தத்துக்கு மேலே போகப் பார்த்தால் முடியாது, அதற்குக் கீழே போக வேண்டும். வாயைக் காதருகே கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, உதடு அதிகம் அசையாமல் சொன்னால் சொன்னவருக்கு மட்டும் கேட்கும். அடுத்த தறியில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது.

என் பள்ளிக்கூட மார்க்கு விவகாரங்களை அம்மா இப்படித்தான் நைனாவிடம் போட்டுக்கொடுப்பாள். நான் பக்கத்திலேயே நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். நைனாவின் முகம் மாறும்போதுதான் எனக்கு விஷயம் தெரியும். மருத்துவம் படித்த காலத்தில் இந்த வித்தை எதற்கும் உதவவில்லை.

பாகாலாவில் வந்த போன்

ரேவதியின் விஷயம் எனக்குத் தெரிந்தது ரயிலில். சித்தூரில் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்றிருந்தது. மாம்பழக் காலம். பிளாட்பாரம் முழுக்கப் பழுத்த வாடை. பரிசோதனைக்கூடத்திலிருந்து போன்.

வெதுருகுப்பம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று என் களப்பயிற்சியில் சேர்ந்தது. அங்கே கர்ப்பிணிகளுக்கு எடுத்த ரத்தத்தில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்து, உறுதிப்படுத்த அனுப்பியிருந்தோம். "பாசிட்டிவ், மேடம்" என்று டெக்னீஷியன் சொன்னார். எதிர் சீட்டில் ஒரு குடும்பமே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சரி சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரேவதி கர்ப்பத்தின் முதல் மாதங்களைத் தமிழ்நாட்டில் அம்மா வீட்டில் கழித்தவள். பிறகு ஆந்திராவில் மாமியார் வீடு. அங்கே பார்த்திருப்பார்கள் என்று இவர்களும், இங்கே பார்ப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டதில் இந்த ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது. எட்டு மாதம் முடிகிற சமயத்தில்தான் செய்தார்கள்.

இந்த நோய்க்குப் பழைய பென்சிலின்தான் மருந்து. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது ஆரம்பித்துவிட வேண்டும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாள் இருந்தது, ஆனால் வீணாக்க ஒரு நாள்கூட இல்லை.

உடனே அந்த ஊர் நர்ஸ் கிருஷ்ணவேணி அம்மாவைக் கூப்பிட்டேன். வீடு வீடாகப் போகிற ஏ.என்.எம். அவர், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார்.

"அய்யோ மேடம், அந்தப் பொண்ணா? நாளைக்குச் சீமந்தம் வெச்சிகீறாங்க. அப்பிடியே அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாக்கு பயங்கா உந்தி மேடம்."

பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போயிற்று.

நம்பர் யாருடையது

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சுகாதார நிலையத்தில் ரேவதியின் பெயருக்கு எதிரே இருந்த நம்பர் அவள் மாமியாருடையது. அந்த ஊர் சுகாதாரத் தொண்டரான ஆஷா ஊழியரிடம் சொல்லியனுப்பலாம் என்றால், அவர் அந்த மாமியாரின் சின்னம்மா மகள். எங்கள் பக்கத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது உறவு.

பேராசிரியைக்குப் போன் செய்தேன். "பொய் சொல்லி ஊசி போடாதே. முதலில் அவளிடம் சொல், அவளிடம் மட்டும் சொல்" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுகாதார நிலையத்தில் அந்த மருந்து தீர்ந்திருந்தது. மறுநாள் காலை திருப்பதியிலிருந்தே இரண்டு குப்பிகள் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் கணவனுக்கு. இரண்டாவதை எடுக்கும்போது, இது எங்கே நடக்கப்போகிறது என்று எனக்கே தோன்றியது. ஊசியை வீட்டில் வைத்துப் போட முடியாது. பென்சிலின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சையே நிறுத்திவிடும். காப்பாற்றும் மருந்தும் ஆக்ஸிஜனும் உள்ள இடத்தில்தான் போட வேண்டும். ஆகவே குப்பிகளைச் சுகாதார நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கையை விட்டால் காணாமல் போய்விடும் என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"புள்ளைங்க எத்தினி?"

கிருஷ்ணவேணி அம்மாவின் ஸ்கூட்டியில் போய் இறங்கினோம். பந்தல், வாழை மரம், வாசலிலேயே மாலை போட்டுத் தயாராக நின்ற கார். அந்தக் காரைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க டாக்டரம்மா" என்று மாமியார் சரோஜாம்மா வரவேற்றார். நல்ல உயரம், மஞ்சள் பூசிய முகம், கணீர்க் குரல். ஊர்ப் பெண்களிடம், "எம்மருமவள பாக்க டவுன்லேர்ந்து டாக்டரே வந்துகீறாங்க" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு உடம்பு கூசிற்று.

"ஒரு நிமிஷம் உள்ள கூட்டிக்கினு போய் பிரஷர் பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

"இங்கியே பாருங்கம்மா. மணையில ஒக்காந்தப்புறம் எந்திரிக்கக் கூடாது. நல்ல நேரம் போய்டும்."

அங்கேயே பார்த்தேன். நாலு பெண்கள் என் தோள்மேல் சாய்ந்து பிரஷர் கருவியின் முள்ளை வேடிக்கை பார்த்தார்கள். ரேவதி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன முகம், நெற்றி வேர்வையில் குங்குமம் லேசாகக் கரைந்திருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

ஒவ்வொரு சுமங்கலியாகப் போய்ச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். நான் கதவோரம் நின்று காரையும் மணையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணவேணி அம்மா கணவரை இழந்தவர். அவர் கூடத்துக்குள்ளேயே வரவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை, வாங்க என்று கூப்பிடவுமில்லை.

அப்போதுதான் ஒரு பெரியம்மா என் கழுத்துத் தாலியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உனுக்குப் புள்ளைங்க எத்தினி?"

"இன்னும் இல்லம்மா."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. சரோஜாம்மாவின் முகம் சட்டென்று இளகியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பில் பிள்ளையில்லாத பெண் யாராவது இருந்தால், கர்ப்பிணிக்குப் பக்கத்தில் அவளையும் மணையில் உட்காரவைத்து, அதே வளையலை அவளுக்கும் போடுவார்கள். அந்த அதிர்ஷ்டம் இவளுக்கும் ஒட்டட்டும் என்று. என் சொந்தக்காரர்கள் வளைகாப்புக்கெல்லாம் நான் டூட்டி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்ததே இந்த மணைக்குப் பயந்துதான்.

"வெக்கப்படாதே வாம்மா. டாக்டரா இருந்தா இன்னா, பொண்ணுதானே? ரேவதி பக்கத்துல ஒக்காரு."

அவமானத்தில் காது சுட்டது. அப்படியே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ரேவதியின் காது என் வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வரப்போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. போய் உட்கார்ந்தேன்.

காதோடு

ஸ்பீக்கரில் தவில் உச்சத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு முன்னால் பார்த்தபடி, குரலைத் தாழ்த்தி, தறிக்குக் கீழே போனேன்.

"ரேவதி, சிரிச்சிக்கினே கேளு. திரும்பாத. உன் ரத்தத்துல ஒரு தொற்று கீது. புருஷன் பொண்டாட்டி சேர்றதுல ஒட்டறது. உனுக்கு ஒடம்புல ஒண்ணும் தெரியாது, ஆனா புள்ளைக்குப் போவும். ஊசி போட்டா சரியாய்டும். இன்னிக்கே ஆஸ்பத்திரியில போடணும்."

அவள் சிரிப்பு மாறவில்லை. ஆனால் சேலை மடிப்புக்கடியில் அவள் கை வந்து என் விரலைப் பிடித்தது. ஐஸ்கட்டியாய் இருந்தது.

"புள்ள?"

"காப்பாத்திடலாம்."

அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அப்போதே பயந்தேன்.

ஒரு பெண் குனிந்து இருவர் கன்னத்திலும் சந்தனம் இழுத்தாள். அவள் நகரும்வரை இருவரும் பொம்மை மாதிரி இருந்தோம்.

"அவுருக்கு?" என்றாள் ரேவதி.

"அவுருக்கும் ஊசி. யாருகிட்டேர்ந்து யாருக்குன்னு நாங்க கேக்கமாட்டோம்."

"நீங்க கேக்கமாட்டீங்க." வளையல் போட வந்த சிறுமியிடம் கையை நீட்டினாள். அவள் போனதும் சொன்னாள்: "என் ரத்தத்துலதானே மொதல்ல பாத்தீங்க? அப்ப நான்தான்னு சொல்லுவாங்க இல்லக்கா?"

கர்ப்பிணியின் ரத்தத்தை மட்டும்தான் நாங்கள் தேடிப்போய் எடுக்கிறோம். நோய் எங்கே முதலில் வந்தது என்பது வேறு, எங்கே முதலில் கண்டுபிடிக்கிறோம் என்பது வேறு. இதை நான் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவேன். அந்த மணையில் ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

ஆரத்தித் தட்டோடு எல்லோரும் எழுந்தார்கள். டிரைவர் காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. முடிந்தது, போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அசைவு

"அத்தே!"

ரேவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அத்தே, புள்ள அசையல. காலைலேர்ந்தே ஒரு மாதிரி கீது. இப்ப சுத்தமா அசையல."

ஆரத்தித் தட்டு எங்கேயோ விழுந்தது. நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள். சரோஜாம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி, "டாக்டரம்மா, பாரும்மா!" என்று கத்தினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். மிஷின்லதான் பாக்கணும்" என்றேன்.

அம்மா வீட்டுக்குப் போக மாலை போட்டு நின்ற அதே காரில் ஏறினோம். பின்சீட்டில் மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் ரேவதி. முன்சீட்டில் நான். கணவன் முனிரத்னம் பைக்கிலும் கிருஷ்ணவேணி அம்மா ஸ்கூட்டியிலும் பின்னாலேயே வந்தார்கள்.

பாதி தூரம்வரை, கெட்டிக்காரி, நல்ல பொய்யாகச் சொல்லி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அது தோன்றியது. பொய்யா? இந்த நோய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? வயிற்றிலேயே குழந்தை அடங்கிப்போவது அதன் வழிகளில் ஒன்று. காலையிலிருந்தே அசையவில்லை என்றால்? நான் மணையில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போயிருந்தால்?

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். இரண்டு அம்மாக்களும் அழுதுகொண்டிருக்க, என்னால் எதையும் கேட்க முடியவில்லை. சரோஜாம்மா நாராயணவனத்துப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டே வந்தார். நானும் சேர்ந்து வேண்டிக்கொண்டேன். வழியெல்லாம் மாங்காய் லாரிகள் வரிசையாக நின்று பாதையை அடைத்தன. டிரைவர் அடித்த ஹாரன் ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது.

சுகாதார நிலையத்தில் அம்மாக்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினோம். உள்ளே அந்த நிலையத்து இளம் டாக்டர், கிருஷ்ணவேணி அம்மா, நான். இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தேன். வெறும் கரகரப்பு. இடம் மாற்றினேன். மெதுவாக ஒரு துடிப்பு. மிக மெதுவாக.

இவ்வளவு மெதுவாக ஒரு குழந்தையின் இதயம் அடிக்கக்கூடாது. அறையே ஒரு பக்கம் சாய்ந்தது.

"அது அம்மாவோட பல்ஸ் போல" என்றார் டாக்டர். "கொஞ்சம் கீழ வெச்சுப் பாருங்க."

கீழே வைத்தேன். ஒன்றுமில்லை. இடப்பக்கம் நகர்த்தினேன். சட்டென்று அறை முழுக்க அந்தச் சத்தம் நிரம்பிற்று. கடகடவென்று, விடாமல், எங்கள் வீட்டுத் தறி ஓடுகிற அதே வேகம். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ரேவதியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. "பொய்தாங்கா சொன்னேன். நீங்க மிஷின வெச்சிக்கினு முழிச்சதும், சொன்ன பொய் நெஜமாய்ட்சோன்னு உசிரே போச்சு."

அரை மணி நேரம்

ஊசி வேண்டும் என்று அவளே சொன்னாள். முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து ஏற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று அரை மணி நேரம் பார்ப்பது அங்கே வழக்கம். கிருஷ்ணவேணி அம்மா இளம்வயதில் ஒருமுறை பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் ஒருவர் கண்முன்னே நீலமானதைப் பார்த்தவர். குப்பியைத் தொடவே மாட்டேன் என்றார். ஆனால் ஓரமாகவும் போகவில்லை. காப்பாற்றும் மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்று முணுமுணுத்தபடி கட்டிலருகிலேயே நின்றார்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சொறிந்தால் பயம். இருமினால் பயம். தண்ணீர் கேட்டாள், அதற்கும் பயந்தேன்.

தடிப்பு இல்லை. தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அந்த மருந்து கோலமாவுக் கரைசல் மாதிரி கெட்டியாக இருக்கும். மெதுவாக அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். இடுப்பின் இரண்டு பக்கமும் பாதிப் பாதி போட்டேன். ரேவதி கட்டில் கம்பியைப் பிடித்தாள். வளையல்கள் கம்பியில் இடித்தன. அவள் கத்தவில்லை.

"அவுர கூப்புடுங்க. நானே சொல்றேன். நீங்க இங்கியே இருங்க" என்றாள்.

முனிரத்னம் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன். உள்ளே வந்தபோது அவன்மேல் பழச்சாறு புளித்த வாடை அடித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னாள். நான் மணையில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. ஒன்றைக்கூட விடவில்லை.

அடிப்பானோ என்று பயந்து திரும்பினேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு என்னிடம் வந்தான். "எந்தக் கையிலங்க?"

"கையில இல்லப்பா" என்றேன். கிருஷ்ணவேணி அம்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவனுக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு, அதே மாதிரி பார்த்து, இரண்டாவது குப்பியைப் போட்டோம்.

கதவைத் திறந்ததும் சரோஜாம்மா, "இன்னாடா? இன்னா ஊசி? எதுக்கு இத்தினி நேரம்?" என்று பாய்ந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனிரத்னம் முன்னால் போனான். "புள்ள நல்லாகீதும்மா. எனுக்குத்தான் ரத்தத்துல ஏதோ கோளாறாம். அது அவளுக்கு வரக்கூடாதுன்னு சேத்துப் போட்டாங்க. கம்னு வா."

அது உண்மையா, அவளைக் காப்பாற்றச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் கேட்பதில்லை.

கையில் மிஞ்சியது

கார் மாலையோடு திருத்தணிக்குப் போயிற்று. அடுத்த இரண்டு ஊசிகளுக்கும் ரேவதியை அவள் அம்மா எல்லை தாண்டி நகரிக்கு அழைத்துவந்தார். நானும் என் வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து, ஆஸ்பத்திரியில் கூடவே நின்றேன். முனிரத்னமும் வெதுருகுப்பம் பக்கத்திலேயே மிச்ச ஊசிகளைப் போட்டுக்கொண்டான் என்று கிருஷ்ணவேணி அம்மா சொன்னார். அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக்கூடாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கழற்றவும் இல்லை. மருந்து வேலை செய்யும் விதத்தைத் தேர்வில் எழுதி மார்க்கு வாங்கியவள் நான். ஆனால் ஹாஸ்டல் பாத்ரூமில் ஒரு வளையல் உடைந்தபோது, அந்த ஈரத் தரையில் நின்று அழுதேன். பஸ் கம்பியில் இடித்து இன்னொன்று. துணி துவைக்கும்போது இன்னொன்று. உடையும்போதெல்லாம் ரேவதியின் அம்மா நம்பரை எடுத்துப் பார்ப்பேன், கூப்பிடத் தைரியம் வராது.

பேராசிரியை ஒருநாள் என் கையைப் பார்த்தார். வார்டுக்குள் வளையல் கூடாது என்பது விதி. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அதுவரை வார்டுக்கு வராதே, களத்துக்குப் போ" என்றார்.

போன் வந்த அன்றைக்குச் சித்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். என் கையில் ஒரே ஒரு வளையல் மிஞ்சியிருந்தது. போன் மேஜையில் அதிர்ந்தது. ரேவதியின் அம்மா நம்பர். எடுக்கவில்லை. நல்ல செய்தியாக இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள் என்று என்ன கணக்கோ. மறுபடி அதிர்ந்தது. தாழ்வாரத்துக்கு ஓடினேன்.

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ அதட்டுவது. அப்புறம் ரேவதியின் குரல், காதோடு, தாழ்ந்து.

"அக்கா, பொண்ணு. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. அதுக்கும் ஒரு ஊசி போட்டாங்க. நல்லாகீதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அக்கா, கேக்குதா? நெஞ்சு மேல படுத்துக்கினு கீது. காலால ஒதைக்குதுக்கா." அவள் சிரித்தாள், அழுதாள், எது என்று தெரியவில்லை. "அசையுதுக்கா. இது பொய் இல்ல."

தாழ்வாரத்துக் கோடியில் ஒரு குழாய் இருந்தது. சோப்பு தேய்த்து, கையைக் குவித்து, அந்தக் கடைசி வளையலை உடையாமல் கழற்றினேன்.